நான் என்றால் அவன்

இந்த மழைக்கு விவஸ்தையே கிடையாது... காலையெல்லாம் சும்மா இருந்துவிட்டு, கவிநிலா இரண்டு கையிலும் பையோடு பெரிய மார்க்கெட்டை விட்டு வெளியே வந்த நிமிஷம் பார்த்துக் கொட்டத் தொடங்கியது. ஒரு பையில் கீரையும் கத்தரிக்காயும். இன்னொன்றில் அம்மா சொல்லியனுப்பிய இறால். குடை? அது ஆபீஸ் நாற்காலியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு ஆட்டோ நின்றது. ஓடிப்போய் அவள் ஒரு காலை உள்ளே வைப்பதற்குள், அவளைத் தாண்டி ஒரு பெரிய பச்சைப் பை இருக்கையில் போய் விழுந்தது. பைக்குப் பின்னால் ஒருவன், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட.

"ஹலோ... நான்தான் மொதல்ல வந்தேன்!"

"பை மொதல்ல வந்துடுச்சேங்க."

"அப்ப பை மட்டும் போவட்டும். நீங்க நில்லுங்க!"

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "யம்மா, நீ எங்க... உழவர்கரையா? தம்பி பஸ் ஸ்டாண்டா? ஒரே வழிதான... ஏறுங்க ரெண்டு பேரும். மழையில நின்னுக்கினு பஞ்சாயத்து பண்ணாதீங்க."

பையை நடுவில் வைத்து ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். கவிநிலா முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். பேசினால் சண்டைதான் வரும். சண்டை போடவும் அவளுக்குத் தெம்பில்லை. காலை எட்டு மணியிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

அஜந்தா சிக்னலில் ஆட்டோ நின்றபோது பக்கத்தில் சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தாள். அவன் தூங்கியிருந்தான்! பையின் மேல் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து... சாரல் அடித்து இமையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அதைக்கூடத் துடைக்காத தூக்கம். 'இப்படியா ஒருத்தன் தூங்குவான், பாவம்' என்று நினைத்தாள். அடுத்த நொடியே, 'பாவமாவது... பையைத் தூக்கிப் போட்டவன்தானே' என்று மனசைத் திட்டினாள்.

பஸ் ஸ்டாண்ட் வந்ததும் ஆட்டோக்காரர்தான் எழுப்பினார். திடுக்கிட்டு விழித்த அந்தக் கண்கள் நேராக அவளைப் பார்த்தன. சிவந்த, பல நாள் தூக்கம் பாக்கியிருக்கும் கண்கள்... ஆனால் அந்தக் களைப்பிலும் சிரிக்கத் தெரிந்த கண்கள். கவிநிலாவுக்கு உடனே பார்வையை எடுக்க முடியவில்லை.

அவன் இறங்கினான். மழையில் நின்றுகொண்டே குனிந்து, "போயிட்டு வரேங்க" என்றான்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

"வெளிநாடு போறேன். ரூமப் பூட்டிட்டு வந்தனா... சொல்லிக்க எதுர்ல ஆளில்ல. யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போனாத்தான திரும்பி வர்றதுக்கு ஒரு எடம் இருக்கும்?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டோ கிளம்பிய பிறகுதான், பேரைக்கூடக் கேட்கவில்லையே என்று தோன்றியது.

கவிநிலா என்ன வேலை பார்க்கிறாள் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது.

காலேஜில் பிரெஞ்சு படித்தவள் அவள். வயது இருபத்தெட்டு. நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஜமால் பாயின் ஆபீஸ். செங்கடல் பக்கம் ஏதோ ஒரு பாலைவன நாட்டில் பிரெஞ்சு ராணுவ முகாம் ஒன்று இருக்கிறது. அங்கே சமையல், சலவை, ஏ.சி. ரிப்பேர் என்று ஒப்பந்த வேலைக்கு ஜமால் பாய் நம் பக்கத்து ஆட்களை அனுப்புகிறார். நாற்பது பேர். துப்பாக்கி பிடிக்கிறவர்கள் இல்லை. கரண்டியும் ஸ்பேனரும் பிடிக்கிறவர்கள். அவர்களுக்குப் பிரெஞ்சு வராது, அங்கிருப்பவர்களுக்குத் தமிழ் வராது. நடுவில், காதில் ஹெட்செட்டோடு, புதுச்சேரியிலிருந்து போனில் கவிநிலா.

ஜமால் பாய் முதல் நாளே ஒரு சட்டம் போட்டார். "'அவரு என்ன சொல்றாருன்னா'ன்னு இழுக்காதம்மா. அவன் 'நான்'னா நீயும் 'நான்'னு சொல்லு. நீ நடுவுல இருக்கறதே தெரியக்கூடாது."

அதிலிருந்து மூன்று வருஷமாக அவள் நாற்பது ஆண்களின் 'நான்'. "நான் சலவைக்காரன், என் முதுகு பிடித்துக்கொண்டது." "எனக்கு மூன்று நாளாக மூலக் கடுப்பு, டாக்டர் அவர்களே." கூச்சம் எல்லாம் முதல் மாதத்தோடு போய்விட்டது. போகாதது களைப்புதான். சாயங்காலம் ஹெட்செட்டைக் கழற்றினால் அவளுக்கென்று ஒரு 'நான்' மிச்சம் இருக்காது. வீட்டில் எதைக் கேட்டாலும், "ம்."

அந்த ஆட்டோ மழைக்கு அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை காலை மணி பத்து. முகாமிலிருந்து சிவில் ஆட்களைக் கவனிக்கும் அட்ஜுதான், அதாவது நம் ஊர் சுபேதார் மாதிரி ஒருவர், கோபமாக லைனில் வந்தார். கவிநிலா கேட்டுக்கொண்டு அப்படியே தமிழில் சொன்னாள்.

"நீங்க கோல்டு ரூம் மெக்கானிக். என் சோல்ஜருங்களோட எதுக்கு ரெண்டு நாளா காலையில ஓடுறீங்க?"

மறுமுனையில் மூச்சு வாங்குகிற சத்தம். "ஓடச் சொன்னாங்க, ஓடுனேன்... எட்டு கிலோமீட்டருங்க. முட்டி கழண்டு போச்சு... ஒரு நிமிஷம். ஆட்டோ மேடமா நீங்க?"

கவிநிலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் நடுவுல இல்ல சார். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நீங்கதான்! 'பை மட்டும் போவட்டும்'னு சொன்ன அதே கொரலு... என் பேரு முகிலன்ங்க."

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. புதுச்சேரிக்காரனைத் தவிர யாருக்கும் இப்படி ஒரு தப்பு நடக்காது. அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குபவர்களை நம் ஊரில் 'சொல்தா' என்பார்கள். சொல்தா வீடு என்றால் பிரெஞ்சு பாஸ்போர்ட், மாடி வீடு, கௌரவம். முகிலன் குடியிருந்தது சொல்தா இராமதாஸ் வீட்டு மாடி அறையில். புது சோல்ஜர்கள் வந்த லாரியிலேயே இவனும் போய் இறங்கியிருக்கிறான். கேட்டில் காவலன், "ஸொல்தா?" என்று கேட்டிருக்கிறான், சிப்பாயா என்று. நம் ஆள் என்ன நினைத்தான் தெரியுமா? வீட்டுக்காரர் சிபாரிசுக் கடிதம் போட்டிருப்பார் போல என்று பூரித்துப்போய், தெரிந்த ஒரே பிரெஞ்சில் ஆமாம் போட்டு, "உய், உய்... சொல்தா வூடுதான்!" என்றிருக்கிறான். தூக்கி சிப்பாய் லிஸ்டில் போட்டுவிட்டார்கள்.

கவிநிலா சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரெஞ்சில் சொல்லி முடித்தாள். அட்ஜுதான் இடிபோலச் சிரித்தார்.

"அவ்வளவுதானா? வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேளுங்கள்" என்றார்.

முகிலன் மெதுவாக, "ரொம்ப அசதியா இருக்குன்னு சொல்லுங்க... ஓடுனதால இல்ல. வெயிலு நாப்பத்தஞ்சு. கோல்டு ரூமுக்குள்ள மைனஸ் இருவது. ஒரு நாளைக்கு முப்பது தடவ உள்ள வெளிய... எங்க இருக்கோம்னே தெரியல. அசதியா இருக்கேன்."

"ழெ ஸுயி ஃபத்திகே" என்றாள் கவிநிலா. நான் களைத்திருக்கிறேன்.

அந்தச் சொல்லை ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் பிரெஞ்சில் ஒரே ஓசைதான். எழுதினால்தான் வித்தியாசம் தெரியும். மூன்று வருஷத்தில் எத்தனையோ பேருக்காக அதைச் சொல்லியிருக்கிறாள். அன்று சொல்லி முடித்ததும் கண் கலங்கிவிட்டது... அது அவனுடைய களைப்பா, தன்னுடையதா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அதன் பிறகு தினமும் அழைப்பு வந்தது. கம்ப்ரஸர் சூடாகிறது, கேஸ் சிலிண்டர் வரவில்லை, கோழி கெட்டுப்போகும்... எல்லாம் வேலைப் பேச்சுதான். நடுவில் அட்ஜுதான் சாவி எடுக்கவோ பேப்பர் எடுக்கவோ போவார். அந்த ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் அவர்களுடையது. அப்படி ஒரு நிமிஷத்தில்தான் அவளும் தன் பேரைச் சொன்னாள்.

"அங்க மழையாங்க?"

"ம். தூறுது."

"ஃபோன ஜன்னல்கிட்ட காட்டுங்களேன்..."

"ஹெட்செட்டுங்க இது. எங்க காட்டறது?"

"தலைய காட்டுங்க அப்ப."

அவள் சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தாள். நேரு வீதியின் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் தகரக் கூரையில் மழை விழுந்தது. எங்கோ ஒரு பாலைவனத்தில் ஒருவன் மூச்சுவிடாமல் அதைக் கேட்டான். பக்கத்து மேஜையிலிருந்து ஜமால் பாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னம்மா, கழுத்து சுளுக்கா?"

"ஆமா பாய்... லேசா."

மூன்று வருஷமாக ஆபீஸுக்குச் சபித்துக்கொண்டே படியேறியவள், அந்த வாரம் எட்டு மணிக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தாள். இதுக்குப் பேரு என்னடி? மனசு கேட்டது. வேலைக்குப் பேரு வேலைதான் என்று அதன் வாயை அடைத்தாள்.

வீட்டில் வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஆதிமூலம், மில் மூடிய பிறகு புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். பதினைந்து வருஷமாகக் கேட்டைத் திறந்து மூடியவருக்கு ஒரே ஓர் ஆசை, மகளுக்காவது ஒரு பெரிய கேட் திறக்க வேண்டும் என்று. சொல்தா குடும்பத்திலிருந்தே வரன் வந்தபோது மனிதர் அன்று இரவு சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம். பையன் பேர் விக்ரம். பாரீஸ் பக்கத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

"ஒனக்குச் சம்மதமா கவி?"

"ம்."

"ம்னா சரியா, ம்னா இல்லையா?"

"ம்..."

அம்மா கமலா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரு ஆளுக்கெல்லாம் பேசுறா. தனக்குன்னா வாயில கொழுக்கட்ட!"

அப்பா அதட்டவில்லை. அதுதான் கவிநிலாவை இன்னும் வதைத்தது. "சனிக்கெழம சாயந்தரம் ஒரு வார்த்த சொல்லிடு. சரின்னு சொன்னாலும் நீ சொன்னதுதான், வேணாம்னு சொன்னாலும் நீ சொன்னதுதான். ஒன் வாயால வரணும், அவ்ளோதான்" என்றார்.

புதன்கிழமை, அட்ஜுதான் சாவி தேடப் போன நேரத்தில், அவள் முகிலனிடம் சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள்? 'வேணாம்' என்று அவன் சொல்ல வேண்டும் என்றுதான். பெண்கள் வேறு எதற்குச் சொல்வார்களாம்?

அந்த மடையன் என்ன சொன்னான் தெரியுமா?

"நல்ல எடம்ங்க. சொல்தா வூடு. நானும் ஒரு சொல்தா வூட்டு மாடியில வாடகைக்கு இருக்கறவன்தான், எனக்குத் தெரியும்... உட்றாதீங்க."

அவளுக்குக் காது மடல் சுட்டது. "உங்கள யாரு யோசன கேட்டா? நான் உங்க வாய்... அவ்வளவுதான். வாய்க்கு யாரும் புத்தி சொல்ல வேணாம்."

"சரிங்க" என்றான். குரலில் அந்தச் சிரிப்பு இல்லை. அட்ஜுதான் வந்தார். மீதிப் பேச்சு முழுக்க வால்வும் பைப்பும்தான்.

வியாழக்கிழமை அழைப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. வேறு முப்பது பேர் கூப்பிட்டார்கள், அவன் கூப்பிடவில்லை. ஒவ்வொரு மணி அடித்தபோதும் பாய்ந்து எடுத்தாள், ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய பல்வலி. கூப்பிடாவிட்டால் போகட்டும், யாருக்கு என்ன... என்று சொல்லிக்கொண்டே மதியச் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அட்ஜுதானே கூப்பிட்டார். அவளை எப்போதும் 'மத்மஸேல்', அதாவது 'மிஸ்', என்றுதான் அழைப்பார்.

"மத்மஸேல், உங்கள் ஓட்டக்காரனை ஒருவழியாகச் சரியான லிஸ்டுக்கு மாற்றிவிட்டோம். ஃபாரம் நிரப்ப வேண்டும். அவனால் எழுத முடியாது, வலது கையில் கட்டு. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்."

"கையில் என்ன?"

"நேற்று குளிர் அறையில் கேஸ் பீச்சிவிட்டது. வால்வை மூடு என்று உள்ளூர்ச் சமையல் பையனுக்கு ஜாடை காட்டியிருக்கிறான், அவன் திறந்துவிட்டான். தோல் வெந்துபோயிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, ஆறிவிடும். உங்களைக் கூப்பிடச் சொன்னேன்... வேண்டாமாம், கைஜாடையே போதுமாம்."

லைனில் அவன் வந்ததும் சட்டமாவது, பாயாவது!

"அறிவிருக்கா உங்களுக்கு? ஒரு ஃபோன் போட முடியாதா? அதுக்குத்தான நான் இங்க ஒக்காந்திருக்கேன்! கண்ணுல பட்டிருந்தா?"

"உங்க வாய எரவல் வாங்க ஒரு மாதிரியா இருந்துதுங்க" என்றான். அவ்வளவு களைத்த குரல். "ஃபாரத்த கேளுங்க."

அவள் கேட்டாள். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை. கல்யாணம் ஆகிவிட்டதா? இல்லை.

"எனக்கு... அதாவது உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா, யாருக்குத் தகவல் சொல்லணும்? ரெண்டு பேரு எழுதணும்."

"அஞ்சலாட்சி. கடலூர்ல எங்க அக்கா."

அட்ஜுதான் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். "இரண்டாவது?"

"ரெண்டாவது யாரு?"

அங்கே ஏதோ ஜெனரேட்டர் ஓடும் சத்தம் மட்டும்.

"சார்... ரெண்டாவது ஆளு?"

"கவிநிலா" என்றான்.

அவள் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அட்ஜுதான், "என்ன சொல்கிறான்?" என்று கேட்டார். பேரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னாள். அவருக்கு அவள் பேர் தெரியாது. மூன்று வருஷமாக 'மத்மஸேல்'தான். சாதாரணமாக எழுதிக்கொண்டு, "உறவு?" என்றார்.

"உறவு என்னன்னு... கேக்குறாரு."

"ஒண்ணும் இல்லன்னு எழுதச் சொல்லுங்க." முகிலன் நிறுத்தினான். பிறகு, இத்தனை நாள் அடக்கியதெல்லாம் ஒரேயடியாக... "இல்ல, இருங்க. நாளைக்கு நீங்க யாருக்கோ தலையாட்டிடுவீங்க. அதுக்கப்புறம் சொல்லி என்ன? நல்ல எடம்னு நான் சொன்னது பொய். ரெண்டு நாளா தூக்கம் இல்ல. நேத்து கையில பட்டப்போ மொதல்ல உங்க கொரலுதான் கேக்கணும்போல இருந்துது. எனக்குச் சொத்து இல்ல, பிரெஞ்சு பாஸ்போர்ட்டு இல்ல... ஆனா எனக்கு அவளப் புடிச்சிருக்கு. அத எழுதச் சொல்லுங்க அந்தாளுகிட்ட. எழுதட்டும்."

மழை பெய்துகொண்டிருந்தது. ஜமால் பாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவளையே பார்த்தார். அட்ஜுதான் பொறுமையிழந்து, "மத்மஸேல்?" என்றார்.

அவன் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னாள்.

"ழெ லெம்."

எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. பிரெஞ்சில் இரண்டுக்கும் அதே இரண்டு சொல்தான். சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. எத்தனையோ பேர் வலியை உடையாமல் சொன்ன குரல்.

அந்தப் பக்கம் பேனா நின்றது. அட்ஜுதான் மடையர் இல்லை. மெதுவாகக் கேட்டார். "மன்னிக்க வேண்டும். இப்போது பேசுவது யார்? அவனா, நீங்களா?"

"முவா" என்றாள் கவிநிலா. நான்.

முகிலன் பதறினான். "என்னங்க சொன்னீங்க? ஏன் இந்தாளு என்னப் பாத்து மீசையத் தடவிக்கினு சிரிக்கிறாரு? தப்பா ஒண்ணும் சொல்லிடலயே?"

"நீங்க சொன்னதச் சொன்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் நான் சொல்ல வேண்டியதயும் சொன்னேன். எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு. இது உங்களுக்காகச் சொல்றது இல்ல. நான் சொல்றேன், கவிநிலா."

அவன் அழுகிறானா, சிரிக்கிறானா... அந்த ஜெனரேட்டர் சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, "உங்க அப்பாகிட்ட நான் பேசட்டுங்களா? இப்பவே பேசுறேன். நம்பர் குடுங்க" என்றான்.

சுவர்க் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது. சாயந்தரத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

"வேணாம்" என்றாள் கவிநிலா. "எங்க அப்பாகிட்ட நான்தான் பேசணும்."